பட்டா யார் பெயரில், வாக்கு யார் பெயரில்? – வாசகர் கேள்வி பதில்

பிரிட்டனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான வாக்குரிமை வழங்கிய 1928ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பலர் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வரிப் பதிலில் அடக்கிவிட முடியாத கேள்விகள் என்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1903இல் தொடங்கிய அமைப்பே பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் தொடக்கம் என்று எங்கள் வழிகாட்டி நூலில் உள்ளது. இது சரிதானா? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, ஊத்தங்கரை)

அமைப்பு தொடங்கிய ஆண்டு சரி. போராட்டம் தொடங்கிய ஆண்டு அதுவன்று. 1903 அக்டோபரில் மான்செஸ்டர் நகரில் தம் வீட்டில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் சில பெண்களைக் கூட்டி அந்த அமைப்பை நிறுவியபோது, பெண்கள் நாடாளுமன்றத்துக்கு மனு எழுதத் தொடங்கி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது.

1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வாக்காளரை ‘ஆண்’ என்று எழுத்திலேயே வரையறுத்து, அதுவரை வழக்கத்தால் மட்டும் விலக்கப்பட்டிருந்த பெண்களைச் சட்டத்தாலும் விலக்கியது. 1866இல் ஏறத்தாழ 1,500 பெண்கள் கையெழுத்திட்ட மனு ஒன்றை எமிலி டேவிஸ், எலிசபெத் காரெட் என்ற இருவர் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குக் கொண்டு சென்றார்கள். அவ்வளவு பெரிய காகிதச் சுருளைப் பலர் பார்க்கக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூச்சப்பட்டு, அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கடைப்பலகைக்கு அடியில் அதை வைத்திருந்து, பிறகு உறுப்பினரான ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த ஆண்டு மே 20ஆம் தேதி, மசோதாவில் ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘நபர்’ என்று மாற்ற வேண்டுமென மில் கொண்டுவந்த திருத்தம் 73 வாக்குகளை மட்டுமே பெற்றது. எதிர்த்து விழுந்தவை 196.

அதே 1867இல் மான்செஸ்டரில் பாத்திரக் கடை நடத்திய லில்லி மேக்ஸ்வெல் என்பவரின் பெயர் தவறுதலாக வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டது. அவர் வாக்குச்சாவடிக்குச் சென்றார். அக்கால வழக்கப்படி தம் வேட்பாளரின் பெயரை எல்லோர் முன்னும் உரக்கச் சொன்னார். அந்த வாக்கும் பதிவாயிற்று. வீட்டுவரி கட்டும் பெண்களுக்கு வாக்கு உண்டென்றால் எங்களுக்கும் உண்டு என்று அந்நகரத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்ததை, 1868இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த வழக்கில் பெண்களுக்காக வாதாடியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பாங்க்ஹர்ஸ்ட்தான் பின்னாளில் எம்மலினின் கணவரானார். தேர்வுக்கு 1903ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சகோதரி. அதோடு 1866ஐயும் சேர்த்துப் படியுங்கள்.

இந்தப் போராட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் தொப்பியும் கையுறையும் அணிந்த சீமாட்டிகள் போலவே படங்களில் தெரிகிறார்கள். எங்களைப் போல் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் யாரும் இல்லையா? (தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்)

இருந்தார்கள், அம்மா, படங்களில் குறைவாகவும் போராட்டத்தில் மிகுதியாகவும் இருந்தார்கள். லங்காஷயர் பகுதியின் பருத்தி ஆலைகளில் அன்று பெண்களே பெரும்பான்மையினர். அவர்களிடம் 1900ஆம் ஆண்டு மே முதல் தேதி தொடங்கி, ஆலை வாசலிலும் வீட்டு வாசலிலும் நின்று கையெழுத்து வாங்கிய மனு, 1901இல் 29,359 பெயர்களோடு லண்டனுக்குச் சென்றது. அதை எடுத்துச் சென்ற குழுவில் இருந்தவர்களும் ஆலைத் தொழிலாளிப் பெண்களே. அப்படிக் கையெழுத்துச் சேகரித்தவர்களில் ஒருவரான செலினா கூப்பர், தாமே சிறுவயது முதல் ஆலையில் வேலை செய்தவர். பத்து மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்று திரும்பும் பெண், வீட்டில் அடுப்பு காத்திருக்க, ஆலை வாசலில் நின்று ஒரு காகிதத்தைப் படித்துப் பார்த்துத் தன் பெயரை எழுதிக் கொடுக்கிறாள் என்றால், அந்த ஒரு கையெழுத்துக்குள் எவ்வளவு மன உறுதி இருக்கிறது என்பதை என்னைவிட நீங்களே நன்றாக அறிவீர்கள்.

1905 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த லிபரல் கட்சிக் கூட்டத்தில் “ஆட்சிக்கு வந்தால் பெண்களுக்கு வாக்குரிமை தருவீர்களா?” என்று எழுந்து கேட்டு, வெளியே தள்ளப்பட்டு, கைதானவர்கள் இருவர். ஒருவர் எம்மலினின் மகள் கிறிஸ்டபெல். மற்றவர் ஆனி கென்னி. பத்து வயதில் அரைநாள் வேலைக்கு ஆலைக்குள் நுழைந்தவர். அங்கே இயந்திரத்தில் ஒரு விரலை இழந்தவர். உழைக்கும் பெண்கள் சிறை சென்றால் அந்த வாரக் கூலி போய்விடும், வேலையும் போகலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்காது. அதனால் அவர்களிற் பெரும்பாலோர் கல்லெறிந்து சிறை புகும் வழியைவிட்டு மனு, சங்கம், ஊர்வலம் என்ற வழிகளில் நின்றார்கள். பத்திரிகைப் படங்களில் அவர்கள் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

முதல் உலகப் போரில் பெண்கள் ஆற்றிய பணிக்குப் பரிசாகத்தான் 1918இல் வாக்குரிமை கிடைத்தது என்று நான் பல்லாண்டு வகுப்பில் கற்பித்திருக்கிறேன். தங்கள் கருத்து என்ன? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி)

பாடநூல்கள் பலவும் அப்படித்தான் சொல்கின்றன, ஐயா. ஆனால் சட்டத்தின் விதிகளைப் படித்துப் பார்த்தால் ‘பரிசு’ என்ற விளக்கம் நிற்பதில்லை.

சட்டத்தைத் திருத்தும் அவசியம் முதலில் ஆண்களுக்காகவே எழுந்தது. அன்றைய விதிப்படி ஒரே இடத்தில் 12 மாதம் குடியிருந்தால்தான் பட்டியலில் பெயர் சேரும். கடல் கடந்து போர்முனையில் கிடந்த சிப்பாய்கள் அத்தகுதியை இழந்திருந்தார்கள். அதற்கு முன்பும் வயதுவந்த ஆண்களில் பத்தில் நான்கு பேருக்கு வாக்கு இருந்ததில்லை. நாட்டுக்காகச் சாகலாம், வாக்களிக்கக் கூடாது என்ற நிலையை எந்த அரசும் தாங்கி நிற்க முடியாது. அதற்காகப் பட்டியலைத் திறந்தபோது, ஐம்பது ஆண்டுகளாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த பெண்களின் கோரிக்கையை ஒதுக்கிவைக்க இயலவில்லை. 1917 ஜூன் மாதம் கீழவையில் 385க்கு 55 என்ற வாக்குகளில் பெண்களுக்கான விதி நிறைவேறியது. 1918 பிப்ரவரி 6ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வர மன்னரின் ஒப்புதல் கிடைத்தது.

இனி யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். ஆண்களுக்கு 21 வயது போதும். போரில் பணியாற்றியவருக்கு 19 வயதே போதும். பெண்ணுக்கோ 30 வயது நிறைந்திருக்க வேண்டும்; அதோடு அவளோ அவள் கணவனோ வீட்டுக்கோ, ஆண்டுக்கு 5 பவுண்டு மதிப்புள்ள நிலத்துக்கோ உரிய அனுபோகதாரராக இருக்க வேண்டும்; அல்லது அவள் பல்கலைக்கழகப் பட்டதாரியாக இருக்க வேண்டும்.

இதை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பார்ப்போம். காவேரிப்பட்டணத்துப் பக்கம் மாந்தோப்போடு ஒரு வீடு இருக்கிறது. பட்டா குடும்பத் தலைவரின் பெயரில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அந்தச் சட்டம் இங்கே இருந்திருந்தால், தலைவருக்கு வாக்கு உண்டு. 40 வயதான அவர் மனைவிக்கு, கணவர் பெயரைக் கொண்டு, வாக்கு உண்டு. 21 வயது மகனுக்கு அவன் பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லாவிட்டாலும் உண்டு. தண்ணீர் பாய்ச்சுவதிலிருந்து காய் பறித்து மண்டிக்கு அனுப்புவதுவரை தோப்பின் பாட்டையெல்லாம் தாங்கும், திருமணமாகாத 45 வயது நாத்தனாருக்கு இல்லை. அவர் பெயரில் எதுவும் இல்லையே! 24 வயது மருமகளுக்கு இல்லை. அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் 50 வயது அம்மாளுக்கும் இல்லை.

போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் கைகள் மஞ்சளாகும் வரை உழைத்தவர்களிற் பெரும்பாலோர் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட இளம்பெண்கள். பரிசு என்றால் முதலில் அவர்களுக்கல்லவா கிடைத்திருக்க வேண்டும்? போரில் ஆண்கள் லட்சக்கணக்கில் மாண்டிருந்ததால், 21 வயதென்று வைத்தால் பெண் வாக்காளர்கள் பெரும்பான்மையாகிவிடுவார்கள் என்ற அச்சமே முப்பது என்ற வரம்புக்குக் காரணம். ஏறத்தாழ 84 லட்சம் பெண்கள் பட்டியலில் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 50 லட்சம் பேர் இன்னும் பத்தாண்டு காத்திருந்தார்கள். 1928 ஜூலை 2ஆம் தேதி அந்த வரம்பும் சொத்துத் தகுதியும் நீங்கியபோது, அதைக் காண எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் இல்லை. ஜூன் 14ஆம் தேதிதான் அவர் காலமாகியிருந்தார். 1866ஆம் ஆண்டு மனுவில் கையெழுத்திடும் வயது வராதவராக இருந்து, பின்னாளில் சட்டத்தை மீறாத வாக்குரிமைச் சங்கங்களுக்குத் தலைமை தாங்கிய மில்லிசென்ட் ஃபாசெட், 81 வயதில் அதைக் கண்ணாரக் கண்டார்.

இந்தப் பெண்கள் சிறையில் உண்ணாவிரதம் இருந்ததாகவும் அவர்களுக்கு வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டதாகவும் படித்தேன். அது எப்படி நடந்தது? (வாசகி, பென்னாகரம்)

1909 ஜூலையில் மேரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர், தம்மை அரசியல் கைதியாக நடத்த வேண்டும் என்று கேட்டு லண்டன் ஹாலோவே சிறையில் உணவை மறுத்தார். 91 மணி நேரத்துக்குப் பின் விடுவிக்கப்பட்டார். மற்றவர்களும் அவ்வழியைப் பின்பற்றவே, அந்த ஆண்டு செப்டம்பர் முதல் அரசு வலுக்கட்டாயமாக உணவு புகட்டத் தொடங்கியது. 1913இல் இன்னொரு சட்டம் வந்தது: உயிர் போகும் நிலைக்கு வந்தவர்களை வெளியே விட்டு, சற்றுத் தேறியதும் மீண்டும் பிடித்து அடைக்க அது வழிசெய்தது. பூனை எலியை விட்டுவிட்டுப் பிடிப்பதைப் போன்றது என்று மக்கள் அதைப் ‘பூனை எலிச் சட்டம்’ என்றே அழைத்தார்கள்.

இதில் உங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புவது கான்ஸ்டன்ஸ் லிட்டன் சீமாட்டியைப் பற்றி. 1909 அக்டோபரில் நியூகாசில் சிறையில் அவர் உண்ணாவிரதம் இருந்தபோது, மருத்துவர்கள் இதயத்தைப் பரிசோதித்து, பலவீனமாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். உடனிருந்த எளிய பெண்களுக்கு அந்தச் சலுகை காட்டப்படவில்லை என்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. தலைமுடியை வெட்டிக்கொண்டு, மலிவான உடையும் மூக்குக் கண்ணாடியும் அணிந்து, ஜேன் வார்ட்டன் என்ற தையற்காரி என்று பெயர் சொல்லி, 1910 ஜனவரியில் லிவர்பூலில் வேண்டுமென்றே கைதானார். இம்முறை இதயத்தை யாரும் பரிசோதிக்கவில்லை. பணிப்பெண்கள் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, எஃகுக் கருவியால் வாயை அகலத் திறந்து, ஏறத்தாழ நான்கடி நீளமுள்ள குழாயைத் தொண்டை வழியே இறக்கி உணவை ஊற்றினார்கள். அவர் வாந்தி எடுத்தார். வேலை முடிந்து எழுந்த மருத்துவர் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனார். எட்டு முறை இது நடந்த பிறகே அவர் யாரென்று தெரிந்து விடுவித்தார்கள். 1912இல் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்தபின், இடக்கையால் எழுதிப் பழகி அத்தனையையும் நூலாக்கினார். ஒரே உடம்பு, ஒரே இதயம். சீமாட்டி என்றால் ஒரு நியாயம், தையற்காரி என்றால் வேறு நியாயம் என்பதை ஐயத்துக்கு இடமின்றி அவர் நிரூபித்துக் காட்டினார்.

அவர் பெயரை நம் மாவட்டத்தார் வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருக்க வேண்டும். அவர் தந்தை லிட்டன் பிரபு 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ராய். நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லி நடுங்கிய காலம் அது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டம் அப்பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்டது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசுமே போதும் என்று கூலியைக் குறைத்தது அவருடைய ஆட்சிதான். அப்போது கான்ஸ்டன்ஸ் ஏழெட்டு வயதுச் சிறுமி. அவர்மீது பழி ஏதும் இல்லை. ஆயினும் பசியை ஆளும் அதிகாரத்தின் பக்கத்தில் பிறந்த ஒருவர், தம் நாற்பதாம் வயதில் பசித்தவர் பக்கம் வந்து நின்றார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர்மீது பெரும் மதிப்பு உண்டாகிறது.

கண்ணாடியை உடைத்ததும் தீ வைத்ததும் நியாயம்தானா? (இளம் வழக்கறிஞர், அரூர்)

ஆள் இல்லாத கட்டடங்களுக்குத் தீ வைத்ததையும், தபால் பெட்டிகளில் அமிலம் ஊற்றியதையும் நான் நியாயப்படுத்த மாட்டேன்; அந்த அமிலத்தால் கை வெந்தவர்கள் தபால் ஊழியர்கள். எனினும் அவர்கள் அந்த எல்லைக்குப் போகும்முன் நாடாளுமன்றம் நடந்துகொண்ட விதத்தையும் ஒரு வழக்கறிஞர் பார்க்க வேண்டும். 1911இல் பெண்களுக்கு வரம்புக்குட்பட்ட வாக்குரிமை தரும் மசோதா இரண்டாம் வாசிப்பில் 255க்கு 88 என்று தேறியது; பிறகு நேரம் ஒதுக்கப்படாமல் கிடப்பில் போடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் இதே போன்ற மசோதா கைவிடப்பட்டதும், நவம்பர் 18ஆம் தேதி நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்ற ஏறத்தாழ 300 பெண்களைக் காவலர்கள் ஆறு மணி நேரம் அடித்தும் தள்ளியும் மானபங்கப்படுத்தியும் விரட்டினார்கள். ‘கருப்பு வெள்ளி’ என்று அந்நாளைச் சொல்வார்கள்.

1909இல் லண்டனில் இருந்த காந்தியடிகள் அப்பெண்களின் துணிவை வியந்தார், வன்முறையை ஏற்கவில்லை; என் நிலையும் அதுவே. ஃபாசெட் தலைமையிலான சங்கங்கள் சட்டத்தை மீறாமலே 1914க்குள் 50,000 உறுப்பினர்களுக்கு மேல் சேர்த்திருந்தன. 1913இல் அச்சங்கப் பெண்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வாரக்கணக்கில் நடந்தே லண்டனை அடைந்தார்கள். அந்த நடைப்பயணத்தைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

மன்னரின் குதிரை முன் பாய்ந்த எமிலி டேவிசன் தற்கொலை செய்துகொண்டாரா? (வாசகர், பாலக்கோடு)

1913 ஜூன் 4ஆம் தேதி எப்சம் பந்தயத்தில் அடிபட்டு, நினைவு திரும்பாமலே 8ஆம் தேதி இறந்தார். அவரிடம் திரும்பிச் செல்வதற்கான ரயில் சீட்டு இருந்தது. அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. குதிரையின் மீது ஒரு கொடியை மாட்ட முயன்றார் என்று கருதுவோர் பலர். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இரவில் நாடாளுமன்றக் கட்டடத்திலுள்ள சிற்றாலயத்தின் அலமாரிக்குள் ஒளிந்திருந்து, தம் இருப்பிடம் நாடாளுமன்றம் என்று பதிவாகச் செய்தவர் அவர். அவரை அந்த இரவுக்காக நினைவுகூர்வதே எனக்கு விருப்பம்.

இந்தியர் யாரேனும் அதில் பங்கு பெற்றார்களா? (கல்லூரி மாணவர், பர்கூர்)

பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோஃபியா, கருப்பு வெள்ளியன்று முன்வரிசையில் எம்மலினோடு நடந்தார். “வாக்கில்லையேல் வரியில்லை” என்று உரிமக் கட்டணங்களைக் கட்ட மறுத்ததால், 1911இல் அவருடைய ஏழு வைரக்கல் மோதிரம் ஜப்தி செய்யப்பட்டு ஏலத்துக்கு வந்தது. தோழி ஒருவர் ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

தக்காளி லோடு தொடர்பாக மதனப்பள்ளிக்கு அடிக்கடி போய்வருபவன் நான். அங்கே வாழ்ந்த ஒரு வெள்ளைக்கார அம்மையாருக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவர் சொன்னார். உண்மையா? என் பாட்டி போன்றவர்கள் முதலில் எப்போது வாக்களித்திருப்பார்கள்? (வியாபாரி, ராயக்கோட்டை)

உண்மை. அவர் மார்கரெட் கசின்ஸ், அயர்லாந்துக்காரர். வாக்குரிமைப் போராட்டத்தில் 1910இல் லண்டனிலும் 1913இல் அயர்லாந்திலும் சிறை சென்றவர். 1915இல் கணவரோடு இந்தியா வந்து, மதனப்பள்ளி பிரம்மஞான சபைக் கல்லூரியில் பணியாற்றினார். 1919இல் அங்கு வந்து தங்கிய தாகூரின் ‘ஜன கண மன’ பாடலுக்கு மெட்டை இசைக்குறிப்பாக எழுதிவைத்ததில் அவருக்குப் பங்குண்டு. 1917 மே மாதம் சென்னை அடையாற்றில் அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா ஆகியோருடன் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு, சென்னைக்கு வந்த இந்தியா அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. அதை ஏற்பாடு செய்ததில் அவர் முன்னின்றார். 1932இல் பிரிட்டிஷ் அரசின் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக ஓராண்டு தண்டனை பெற்று, நம் பக்கத்து ஊரான வேலூரில் சிறை இருந்தார்.

லண்டன் அரசு 1919இல் பெண்களுக்கு நேரடியாக வாக்கைத் தராமல், மாகாணங்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921இல் பெண் என்பதால் விலக்கு இல்லை என்று தீர்மானித்தது; ஆனால் நிலவரி, சொத்துவரி போன்ற தகுதிகள் அப்படியே நின்றன. 1935ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும், தகுதியுள்ள சில வாக்காளர்களின் மனைவியருக்கும் வழிவிட்டது. உங்கள் பாட்டியின் பெயரில் பட்டா இருந்து வரி கட்டியிருந்தால் 1920களிலேயே அவர் வாக்களித்திருக்கலாம். கையெழுத்துப் போடவும் படிக்கவும் கற்றிருந்தால் 1937 தேர்தலில் வாக்களித்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், 21 வயது நிறைந்த எவருக்கும் வாக்கு உண்டு என்று அரசியலமைப்புச் சட்டம் சொன்ன பிறகு, 1952 ஜனவரியில் நம் மாகாணத்தில் நடந்த முதல் பொதுத்தேர்தலில்தான் அவர் வாக்குச்சாவடிக்குப் போயிருப்பார். அந்தத் தேர்தலில் வட மாநிலங்களில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள், தம் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்று மட்டும் பதிந்ததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் யாரேனும் இருந்தால், பாட்டியின் பெயர் பழைய ஆவணங்களில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.